ஊருணியில் நான் விட்ட மீன்

மகனே,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. நாலு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். "உப்பளத்துக்காரர் மகள் என்பதால் உங்களுக்கு இளக்காரம், ஜாதகம் வெறும் சாக்கு. மனசில்லாவிட்டால் கல்யாணத்துக்கு நீங்கள் வரவேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். பெற்ற அப்பனை வராதே என்று எழுதும் அளவுக்குக் கை துணிந்திருக்கிறது. துணியட்டும். ஜாதகம் பொருந்தவில்லை என்று நான் சொன்னது சுத்தப் புளுகு. அந்தக் காகிதத்தை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இருளாயியிடம் ஒரு குறையும் இல்லை. அவள் அப்பன் சேவுகனிடமும் இல்லை. அந்த மனுஷன் முகத்தை என்னால் ஏறெடுத்துப் பார்க்க முடியாது, அதனால்தான் தட்டிக்கழித்தேன். காரணம் ஒரு மீன். சிரிக்காமல் கடைசி வரை படி. படித்த பிறகு என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று சேவுகன் சொல்லட்டும், நீ சொல்லவேண்டாம்.

நான் மண்டபம் ஊரில் இருக்கிற சர்க்கார் மீன் ஆபீசுக்கு வேலைக்கு வந்தபோது சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் மிளகாய்ச் செடிக்கு நடுவே பிறந்தவனுக்கு மீன் தொட்டி கழுவுகிற வேலை கிடைத்தது. சர்க்கார் சம்பளம் என்று உன் ஆத்தாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சிலோனிலிருந்து கடல் தாண்டி ஒரு புது மீன் வந்து இறங்கியிருந்தது. ஆபீசர்கள் திலேப்பியா என்பார்கள். வெளியே ஜனங்கள் வாயில் அது ஜிலேபி ஆகிவிட்டது. நான் அதைச் சனியன் என்பேன். அந்தத் தொட்டிகளின் அடியில் படிந்த கொழகொழப்பைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, சோற்றுக் கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாமல் நான் இளைத்தது ஆத்தாவுக்குத் தெரியும். சீயக்காய் போட்டாலும் போகாது, அடுப்புச் சாம்பல் போட்டாலும் போகாது.

அந்த மீனின் பிழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆண் மீனைப் போல வெட்கங்கெட்ட ஜென்மம் வேறு இல்லை. பருவம் வந்ததும் உடம்பு கரேலென்று கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரத்தில் சிவப்பு ஏறி, திருவிழாவுக்குக் கிளம்பிய மைனர் மாதிரி நிற்கும். அடி மண்ணை வாயால் அள்ளி அள்ளித் துப்பித் தாம்பாளம் அளவுக்கு ஒரு குழி தோண்டும். தொட்டித் தண்ணீர் முழுக்கக் கலங்கிப் போகும். பெண் மீன் வந்து அந்தக் குழியில் முட்டையிட்டு, இட்ட சூட்டோடு அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு விலகிப் போய்விடும். ஆணுக்கு அதோடு வேலை முடிந்தது. அதே குழியில் நின்றுகொண்டு அடுத்தவளை எதிர்பார்க்கும்.

பெண் மீன் பத்துப் பன்னிரண்டு நாள் இரை எடுக்காது. தாடை உப்பிக்கொண்டே போகும், உடம்பு வற்றிக்கொண்டே போகும். குஞ்சு பொரிந்தபின்னும் சும்மா விடாது. கொஞ்ச நேரம் வெளியே மேய விடும், நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் மறுபடி வாயைத் திறக்கும், பொடிசுகள் எல்லாம் கும்பலாக உள்ளே நுழைந்துகொள்ளும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமட்டியது. கண்ணும் வாலுமாக நூறு இருநூறு உயிர்களைக் காறித் துப்புகிற மாதிரி துப்பி, எச்சிலை விழுங்குகிற மாதிரி திரும்ப விழுங்குகிறது. பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் "அடடா, என்ன தாய்ப்பாசம்!" என்று உருகுவார்கள். குஞ்சுகள் தனியே போய்ப் பத்துநாள் கழித்து இவளே அவற்றைத் துரத்திப் பிடித்துத் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிக்கு எந்தப் பெரிய மனிதரும் வந்து நின்றதில்லை.

இதையெல்லாம்விட அருவருப்பு அது பெருகுகிற பெருக்கம். இடம் நெருக்கடியானால் வளர்வதை நிறுத்திக்கொள்ளும், குட்டி போடுவதை நிறுத்தாது. விரல் நீளத்திலேயே கல்யாணம், விரல் நீளத்திலேயே பிள்ளைகுட்டி. பாசி, சகதி, அழுகல், அடுத்த மீனின் முட்டை, எது கிடைத்தாலும் தின்னும். நல்ல தண்ணீரிலும் கிடக்கும், உப்புத் தண்ணீரிலும் கிடக்கும். தொட்டி கழுவும்போது செத்ததில் நாலைந்தை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆத்தா புளியும் மிளகாயும் தாராளமாகப் போட்டுத்தான் குழம்பு வைத்தாள். நீ ஒரு வாய் வைத்துவிட்டு, "மண்ணத் தின்ன மாதிரி இருக்கு ஆத்தா" என்று தட்டிலேயே துப்பினாய். அந்தத் துப்பல்தான் பின்னால் உன் கன்னத்தில் வந்து விடிந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

நம் ஊர் ஊருணியை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் கிணறு தோண்டினால் உப்புத்தான். ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழைதான் அடுத்த ஐப்பசி வரை குடிக்கிற தண்ணீர். செருப்போடு கரையேறக்கூடாது, கால் கழுவக்கூடாது, ஆடு மாடு வாய் வைக்கக்கூடாது, ஒரு தூண்டில்கூடப் போடக்கூடாது. சுற்றிலும் முள்வேலி. வேலிப் படலைத் திறப்பதும் சாத்துவதும் சேவுகன் வேலை. எனக்கு மச்சான் முறை, என்னைவிட நாலைந்து வயது இளையவர். கையில் ஒரு கம்பு வைத்திருப்பார். அதை ஒரு ஆட்டின் மேல்கூட ஓங்கி நான் பார்த்ததில்லை. களத்தில் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் என்று அளந்து கொடுப்பதுதான் கூலி. தண்ணீர் எடுக்கிற பெண்கள் குடத்தில் தேத்தாங்கொட்டையை உரசி விட்டால் கொஞ்ச நேரத்தில் அடிமண் தெரியத் தெளிந்துவிடும். அந்தத் தெளிவில் ஊருக்கே ஒரு பெருமை.

எனக்கோ ஊரில் ஒரு பெருமையும் இல்லை. லீவில் போனால், "மீனு குளுப்பாட்டுற ஆளு வந்துட்டாருப்பா" என்பார்கள். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை மீன் கவுச்சியோடு வந்து நிற்கிறான் என்று தள்ளி உட்காருவார்கள். அந்த எரிச்சலில்தான் அந்த எண்ணம் வந்தது. எழுதிக் கொடுத்து உத்தரவு வாங்காமல் ஒரு குஞ்சும் வெளியே போகக்கூடாது என்று ஆபீசில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு தைப்பொங்கலுக்கு மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கழுவி, நாலு மீனைத் திருடிப் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். ஊருணியில் விட்டால் கோடையில் வீட்டுக்கு வீடு மீன் குழம்பு மணக்கும், இவன் கொண்டுவந்த சர்க்கார் மீன் என்று நாலு பேர் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டேன். ஊருணியில் மீனே பிடிக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பெருமைக்கு அலைகிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும். நீ வாத்தியார் வேலை பார்க்கிறாய், நாலு பேர் மெச்சவேண்டும் என்று எப்போதாவது கை அரிக்கும். அப்போது இந்த டின்னை நினைத்துக்கொள்.

ராமநாதபுரத்தில் ரயிலிறங்கிப் பஸ் ஏறியபோது மூன்று மீன் செத்து மிதந்தன. ஜன்னல் வழியாக வீசினேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்த ஒன்றை எட்டிப் பார்த்து, "அய்யா, இதுக்கு மட்டும் ஏன் தாடை வீங்கியிருக்கு?" என்று கேட்டாய். எனக்கு அது தெரியாதா? தினம் பார்க்கிற தாடை. வாய் நிறையக் குஞ்சு. அதுவும் செத்திருந்தால் நாலும் செத்தன என்று தலைமுழுகியிருப்பேன், ஊர் பிழைத்திருக்கும். அந்தச் சனியனோ, ஆட்டம் போட்ட பஸ்ஸிலும் வாயைத் திறக்காமல் ஊர் வந்து சேர்ந்தது. மத்தியானம் சேவுகன் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கரையேறி, டின்னைக் கவிழ்த்தேன். பொங்கல் முடிந்து கிளம்புகிற நாளில் ஆள் பார்க்காமல் எட்டிப் பார்த்தேன். படித்துறை ஓரத்தில் கடுகு தூவினாற்போலக் குஞ்சுகள் மேய்ந்தன. எனக்கு அன்று சந்தோஷம் தாளவில்லை என்பதை எழுதவே கூசுகிறது.

அந்த வருஷம் நல்ல மழை. கோடையில் ஊருணி வற்றவில்லை. அடுத்த மழைக்குப் பிறகுதான் பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்களாம். தேத்தாங்கொட்டையை எவ்வளவு உரசினாலும் குடம் தெளியவில்லை. தெளியுமா? அடியில் ஆயிரம் மைனர்கள் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு அங்கே நகக்கண் அளவில் வெள்ளிப் பொடியாக ஒரு மீன் திரியுமே, அது பூண்டோடு அற்றுப்போனது. சேவுகன் ராத்திரியில் எருமையை இறக்கி விடுகிறார், அதுதான் கலங்கல் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். சித்திரையில் கோயில் கொடைக்கு நாம் போயிருந்தபோது தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. விரல் நீள மீன்கள் மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டு மேலே மொய்த்தன. கரையெல்லாம் செத்து ஒதுங்கிய வெள்ளை வயிறுகள், ஈ, புழு. தெருவுக்குள் நுழையும்போதே நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதைத்தான் ஜனங்கள் துணியில் வடிகட்டி, காய்ச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். நானும் குடித்தேன். என் கைவேலையை நானே வாயில் ஊற்றிக்கொண்டேன்.

கரையில் ஊர் கூடியது. அன்று நடந்ததில் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. நீ எட்டு வயதுப் பிள்ளை. ஊர்த் தலைவர் செத்த மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி, என்னைக் கூப்பிட்டார்.

"நீதான மீனு ஆபீசுல இருக்க. இது என்ன மீனு? எப்புடி இங்கன வந்துச்சு? சொல்லுப்பா."

அன்றுதான் முதல் தடவையாக ஊர் என்னை மதித்துக் கேட்டது. நான் அந்த மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாடகக்காரன் தோற்றான். "இது நம்ம பக்கத்து மீனு இல்ல. யாரோ வெலைக்கு வாங்கியாந்து வளக்க விட்டுருக்காக போல" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. சேவுகன் பெயரை நான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படலின் சாவி மாதிரி இருந்தவர் அவர் ஒருத்தர்தான், என் பேச்சு வேறு யார் மேல் போய் விழும்? கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. "மீனு வளத்துக் காசு பாக்கவா ஒன்னைய வச்சோம்?" என்று ஒருத்தன் துண்டைப் பிடித்து இழுத்தான்.

அப்போது நீ கத்தினாய். "இது எங்க அய்யா கொண்டாந்த மீனு! டின்னுல கொண்டாந்தாக! மண்ணு மாதிரி இருக்கும்!"

நான் அறைந்தேன். "ஏலே, பொய்யா பேசுற?" என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டே அறைந்தேன். சர்க்கார் வேலை பார்க்கிறவன் பேச்சையா நம்புவார்கள், மூக்கு ஒழுகுகிற பிள்ளை பேச்சையா? நீ விழுந்தாய். உன்னைத் தூக்கினது யார் தெரியுமா? சேவுகன். கழுத்தில் கை போட்டிருந்தவனை விலக்கிவிட்டு வந்து உன்னைத் தூக்கினார். "ஏன் மச்சான் பச்சப்புள்ளையப் போட்டு அடிக்கிறீக? அது என்னத்தக் கண்டுச்சு?" என்றார். தன் கலயத்துத் தண்ணீரில் துண்டை நனைத்து உன் கன்னத்தில் வைத்தார். அதன் பிறகு ஊர் சொன்னபடி கம்பைக் கரையில் வைத்துவிட்டு, ஜனங்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். அவருக்கு இனி மரக்கால் நெல் கிடையாது, ஊருணிப் பக்கம் வரக்கூடாது என்று தீர்த்தார்கள். ஒரு வாரத்தில் பெண்டாட்டியையும் நாலு வயது இருளாயியையும் கூட்டிக்கொண்டு கடலோரத்து உப்பளத்துக்குப் போய்விட்டார். பதினாலு வருஷம் ஆகிறது. அந்த உப்பளத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே உனக்கு உத்தரவு வந்ததும், நீ அந்தப் பெண்ணைப் பார்த்ததும் யார் செய்த வேலையோ தெரியாது.

இந்த இடம் வரை எழுதி ஆத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். வாசிக்கத் தெரியாதவளை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்திருப்பேன் போல. ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அறஞ்சேன்னு ஒரே ஒரு தடவ எழுதியிருக்கீக. ரெண்டு அறை. விழுந்த புள்ளையத் தூக்கி நிறுத்தி இன்னொன்னு வச்சீக" என்றாள். உண்மைதான். இரண்டு அறை. முதல் அறைக்குப் பிறகும் நீ "அய்யாதான்" என்றாய். அதற்குத்தான் இரண்டாவது. சேவுகன் தூக்கியது அதற்கும் பிறகு. எழுதும்போதுகூட என் கை எனக்குச் சாதகமாகவே போகிறது பார். ஒவ்வொரு கொடைக்கும் அவள், "இந்த வருசமாச்சும் சொல்லிருங்க" என்பாள். வாயை மூடு என்று அதட்டுவேன். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் மூடிக்கொண்டாள். நீ இருளாயியை அப்படி அதட்டாதே. அவள் சொல்வது சரியாக இருந்தால்தான் உனக்கு அதட்டத் தோன்றும், அதைக் கவனித்துக்கொள்.

போன மாதம் சம்பந்தம் பேச சேவுகன் நம் வீட்டுக்கு வந்தார் அல்லவா, அன்று நீ இல்லை. உப்பு அரித்த காலோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நல்லாருக்கீகளா மச்சான்?" என்று வாய் நிறையக் கேட்டார். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் வாங்கி, குடிக்கும் முன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார்.

"தப்பா நெனைக்காதீக மச்சான். அந்த வருசத்துலருந்து இப்புடித்தான். எங்கன தண்ணி குடுத்தாலும் மோந்து பாக்காமத் தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது."

பதினாலு வருஷமாக ஒரு மனுஷன் தண்ணீர் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் என் நாற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதை என்னிடமே மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்கிறார். உடனே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாயா? ஜாதகம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி மச்சான், பாத்துச் சொல்லுங்க" என்று எழுந்து போனார். அன்று நீ கரையில் கத்தியதை அவர் நம்பினாரா, நம்பியும் உன்னைத் தூக்கினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற யோக்கியதை இல்லை. தாய் மீன் வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடந்தது குஞ்சுகளுக்காக. நான் வாயை மூடிக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டேன். அதைத்தானே சனியன் என்று இவ்வளவு நேரம் திட்டினேன்?

நாளைக் காலை முதல் ரயிலில் கிளம்பி ஊருக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை, ஜனங்கள் ஊரில் இருப்பார்கள். ஊருணியைத் தூர் வாரிச் சுண்ணாம்பு போட்டு நாலு வருஷம் பாடுபட்டுத்தான் சரி பண்ணினார்களாம். படித்துறை ஓரத்தில் இன்னும் ஒன்றிரண்டு தென்படுகிறது என்றும் கேள்வி. அது சாகாது. கரையில் ஊரைக் கூட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். தப்பு நடந்த இடத்தில்தான் சொல்லவேண்டும், சேவுகன் வீட்டு மூலையில் காதோடு சொல்லிவிட்டுப் போவதற்கு இது மூலையில் நடந்ததல்ல. அவர் விழுந்த இடத்தில் நானும் விழுவேன். உதைத்தாலும் உதைக்கட்டும். அங்கிருந்து நேராக உப்பளத்துக்கு வருவேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். அவரை உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. இருளாயியும் கேட்கட்டும். தாலி கட்டிய பிறகு தெரிந்துகொள்கிற குடும்பமாக நம்மை ஆக்கிவிடாதே. எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே. நான் வந்து வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் திரும்பி நடப்பேன். கல்யாணத்தை அதற்காக நிறுத்தாதீர்கள் என்று மட்டும் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்.

ஊரார் முன்னால் என்ன பேசுவது என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறேன். ஆபீஸ், டின், பஸ், மீன் என்று எங்கே தொடங்கினாலும் என்னையறியாமல் எனக்கு வக்காலத்து வாங்கிவிடுகிறேன். ஆத்தாதான் கடைசியில், "அம்புட்டு எதுக்கு? மொதல்ல புள்ள சொன்னதச் சொல்லுங்க" என்றாள். அதனால் கரையில் ஏறியதும் முதல் பேச்சு அதுதான். நீ அங்கே இருந்தால் கேட்பாய், இல்லாததால் எழுதுகிறேன்: "எம் மகன் அன்னைக்குப் பொய் சொல்லல."

இப்படிக்கு,
உன் அய்யா